கிழக்கு வரிசைகள் பூக்காத ஆவணி

என் மாமனார் வீட்டில் நான் திராட்சைக் கம்பெனியில் வேலை பார்ப்பதாகத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் இதைவிடச் சுலபமாக நம்பவைக்கக்கூடிய பொய் கிடையாது. வாரத்துக்கு ஒரு தடவை சந்தையில் இரண்டு கிலோ பன்னீர்த் திராட்சை வாங்கி, சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, "கம்பெனியில குடுத்தாங்க" என்று கொண்டுபோய் வைத்தால் போதும். மாமியார் கழுவித் தட்டில் வைப்பார். மாமனார் இரண்டை வாயில் போட்டுக்கொண்டு, "போன வாரத்துது இதைவிட இனிப்பு மாப்பிள்ளை" என்பார். ஏதோ என் சாகுபடியில்தான் குறை வந்துவிட்டது போல நானும் தலையைச் சொறிவேன். பயிரியலில் முனைவர் பட்டம் வாங்கிய நாற்பத்தொரு வயது ஆள் செய்கிற காரியமா இது? இப்போது நினைத்தால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நான் வேலை பார்த்தது கஞ்சாத் தோட்டத்தில். திருட்டுத் தோட்டம் இல்லை. அரசு உரிமம் பெற்ற மருந்துத் தோட்டம், நாற்பது ஏக்கர். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் வந்த மூளைக் காய்ச்சல், போகிற போக்கில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு வலிப்பைக் கொடுத்துவிட்டுப் போனது. பழைய மாத்திரை எதற்கும் அது அடங்கவில்லை. எங்கள் ரகத்தின் பூவிலிருந்து எடுக்கிற எண்ணெயில் காலையில் ஆறு சொட்டு, இரவில் ஆறு சொட்டு கொடுத்தால் அடங்கியது. மார்தட்டிச் சொல்லிக்கொள்ள வேண்டிய வேலைதான்.

ஆனால் என் மனைவி மஞ்சரிக்கு முகிலன் என்று ஒரு தம்பி இருந்தான். கல்லூரியில் கஞ்சாவில் ஆரம்பித்து, பிறகு எதிலெதிலோ போய், இருபத்திரண்டு வயதில் முடிந்துபோனான். அந்த வீட்டில் அந்தச் சொல்லையே யாரும் வாயில் எடுப்பதில்லை. மஞ்சரிக்கு மட்டும் என் வேலை தெரியும். "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன்" என்றாள். நானும் சரி என்றேன். அவள் மேல் பழியைப் போடவில்லை. அவள் கேட்டதைவிடப் பத்து மடங்கு கவனமாக நான்தான் ஒளிந்துகொண்டேன்.

தோட்டத்தின் முன்வாசல், செடிகளிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி, பெரிய சாலையைப் பார்த்தது. அங்கே இலை வரைந்த பலகை, எதிரே டீக்கடை, டீக்கடையில் மாமனாரின் பழைய சகவாத்தியார்கள். தோட்டத்து பஸ்ஸிலும் அதே இலை. அது நானும் மஞ்சரியும் குடியிருந்த மாமனார் வீட்டு வாசல் வழியாகத்தான் போகும். எனவே நான் என் மின்காரை எடுத்துக்கொண்டு, ஊரைச் சுற்றி, கால்வாய்க் கரை வழியாகப் பின்வாசலுக்குப் போவேன். மாலையில் அந்தக் கரையில் திராட்சைத் தோட்டத்து ஆட்கள் நடந்து போவார்கள். அவர்களில் பாதிப் பேர் மாமனாரிடம் படித்தவர்கள். அவர்கள் எல்லாம் வீடு போய்ச் சேரட்டும் என்று ஒன்பதரை மணிவரை ஜன்னலில்லாத ஆய்வறையில் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புவேன். வீட்டில் கேட்டால் திராட்சை ஏற்றுமதி சீசன் என்பேன்.

இப்போது செடியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

மருந்து வாரியம் உரிமம் கொடுத்தபோது ஒரு நிபந்தனை வைத்தது. ஒவ்வொரு செடிக்குள்ளும் ஒரு சாட்சி மரபணு இருக்கவேண்டும். அந்தச் செடியின் மேல் எப்போது வெளிச்சம் பட்டது, வேர் எந்தச் சத்தை எவ்வளவு குடித்தது எல்லாவற்றையும் இலை தனக்குள்ளேயே பதிந்து வைத்துக்கொள்ளும். ஓர் இலைக் காம்பை நசுக்கி அட்டையில் தடவிக் கருவிக்குள் செருகினால் நாள்வாரியாக எல்லாம் வந்து விழும். அறுவடை நேரத்தில்தான் படிப்பது வழக்கம். கருவியின் சாவி என்னிடம் மட்டும் இருந்தது.

வேலைக்கு வந்த பெண்களுக்கு இதை நான் விளக்கியபோது, உரக்கலவைப் பொறுப்பில் இருந்த பாண்டிமீனா கேட்டார்: "அப்ப இது நம்மளப் பத்திக் கோள் சொல்ற செடியா சார்?"

அன்றிலிருந்து தோட்டம் முழுக்க அதற்குக் கோள்மூட்டி என்றே பெயர். இலைக்குக் காது கிடையாது என்று நான் எவ்வளவு சொல்லியும் கேட்கமாட்டார்கள். மேலாளரைத் திட்டவேண்டும் என்றால் பக்கத்துச் செடியின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டுத்தான் திட்டுவார்கள்.

பாண்டிமீனாவுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். கணவர் இல்லை. ஒரே மகள் யோகஸ்ரீ, பத்தாம் வகுப்பு, காய்ச்சலில் வலிப்பு வந்த பிள்ளைகளில் ஒருத்தி. வெளியே பதிவு செய்துவிட்டு ஒரு வருடம் காத்திருக்கவேண்டிய மருந்து, தோட்டத்துப் பணியாளர் குடும்பத்துக்கு மாதாமாதம் கையில் கிடைக்கும். அதற்காகத்தான் அவர் இந்த வேலைக்கு வந்ததே. "இது எம்பிள்ளைக்குப் போற தண்ணி" என்று சொல்லிக்கொண்டேதான் உரத்தை அளந்து ஊற்றுவார்.

ஆவணி முதல் தேதி, செடிகளுக்கு மேலே சரம் சரமாகத் தொங்கிய விளக்குகளை அணைத்தோம். பாண்டிமீனாவுக்குக் காரணம் தெரிந்தாகவேண்டும்.

"ஏன் சார், இம்புட்டு நாளா ராத்திரி பூராம் லைட்டப் போட்டு வச்சோம். இப்ப ஏன் அமத்துறோம்?"

"இந்தச் செடி பகலை எண்ணாதும்மா. இருட்டைத்தான் எண்ணும். இருட்டு நீளமா, நடுவுல வெளிச்சமே படாம இருந்தா, காலம் முடியப்போகுது பூத்துடணும்னு முடிவு பண்ணும். வடக்க எல்லாம் கோடை தாண்டினா இருட்டு தானா நீளும், தானா பூக்கும். நம்ம பக்கம் வருஷம் பூரா இருட்டு ஏறக்குறைய ஒரே நீளம். சும்மா விட்டா முழங்கால் உயரத்துலயே பூத்து நின்னுடும். அதான் லைட்டப் போட்டு ஏமாத்தி வளர்த்தோம்."

"இனி ஏமாத்தல?"

"இனி ஏமாத்தல. பன்னெண்டு, பதினாலு நாள்ல கணுவுல ரெண்டு வெள்ளை முடி எட்டிப் பாக்கும். அதுதான் பூப்பு. அதுவரைக்கும் தழைச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுட்டு வாங்க. வெள்ளை முடியைப் பாத்ததும் மணிச்சத்தையும் சாம்பல்சத்தையும் ஏத்துங்க. அறுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் வெறும் தண்ணி."

"பெத்த பிள்ளைக்குக்கூட இப்படிப் பக்குவம் பாத்ததில்ல சார். சரி, நடுவுல வெளிச்சம் பட்டுருச்சுன்னா?"

"ஒரு நிமிஷம் பட்டாலும் அன்னைக்கு இருட்டைச் சேத்துக்காது. மறுபடி முதல்லருந்து எண்ணும்."

"அம்புட்டு ரோசமா?" என்று சிரித்தார்.

மாலை ஆறரைக்கு மேல் செடிகளிலிருந்து முந்நூறு மீட்டருக்குள் தீக்குச்சி வெளிச்சம்கூடக் கூடாது என்று விதி எழுதியவனும் நான்தான். பணியாளர் பஸ் ஆறு மணிக்கே கிளம்பிவிடும். இரவுக் காவலுக்கு வெப்பத்தைப் பார்க்கிற கேமராக்கள். அவை வேலி நெடுக உள்பக்கம் பார்த்து நின்றன. திருட்டு வந்தால் வேலை செய்கிறவர்களிடமிருந்துதான் வரும் என்று எல்லோரும் நினைத்தோம்.

ஆவணி பதிமூன்றில் வெள்ளை முடி வந்தது. மேற்கே வந்தது, நடுவில் வந்தது. கால்வாய் பக்கம் இருந்த கிழக்கு நான்கு வரிசைகளில் மட்டும் வரவில்லை. பதினெட்டு ஆயிற்று, இருபது ஆயிற்று. அந்த நான்கு வரிசைச் செடிகளும் கரும்பச்சையாகத் தளதளவென்று வளர்ந்துகொண்டே போயின. நான்கு வரிசை என்றால் ஏறக்குறைய முந்நூறு பிள்ளைகளின் ஒரு வருட மருந்து. வாரியத்திலிருந்து தொலைபேசி வந்தது. மேலாளர் ஜெபமணி என்னிடம் கேட்டார். நல்ல மனிதர், பூவும் உரமும் தெரியாதவர்.

இலையின் நிறத்தைப் பார்த்தேன். தழைச்சத்து மிகுந்தால் பூப்பு தள்ளிப்போகும் என்பது முதல் வருடப் பாடம். அது மட்டுமில்லாமல், ஆடி மாதத்தில் மேற்கு வரிசையில் வாடிக் கிடந்த பத்துச் செடிகளுக்குப் பாண்டிமீனா தன் யோசனைப்படி தழைச்சத்து நிறைந்த மீன் அமிலம் ஊற்றியிருந்தார். அதை அவரே வந்து என்னிடம் சொன்னார், செடியும் தேறிவிட்டது. அப்போது நானே பாராட்டியிருந்தேன். இப்போது அதே விஷயம் எனக்குக் கைகொடுத்தது.

ஆவணி இருபத்துநான்கு, மேலாளர் அறையில் விசாரணை. எதிரில் நின்ற பாண்டிமீனாவைப் பார்த்து, "நீ ஊத்துனியா இல்லையா?" என்று கேட்டேன். அதுவரை நான் அவரை நீ என்று சொன்னதே இல்லை. அவரும் அதைக் கவனித்தார்.

"மேக்க பத்துச் செடிக்கு ஊத்துனேன், உங்ககிட்ட அப்பவே வந்து சொன்னேனே சார். கிழக்க எம்பிள்ளை சத்தியமா ஊத்தல. சந்தேகமா இருந்தா இலையப் பாருங்க. அதான் எல்லாத்தையும் எழுதி வச்சிருக்குமே."

ஜெபமணி என்னைப் பார்த்தார். "பாத்துடலாமா சார்?"

"தேவையில்லை. கண்ணாலயே தெரியுது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? எனக்கு அப்போது எதுவும் தெரியாது, அதுதான் உண்மை. ஆனால் ஒரு கூலிக்காரப் பெண், எல்லோர் எதிரிலும் என் கருவியை எப்போது எடுக்கவேண்டும் என்று எனக்கே சொல்கிறாளே என்று சுருக்கென்றது. அவ்வளவு அற்பமான காரணம். 'தழைச்சத்து மிகை, பணியாளர் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று மாலை பஸ்ஸில் அவரை ஏற்றவில்லை. வேலை போயிற்று, அடுத்த மாதத்திலிருந்து மருந்து ஒதுக்கீடும் நின்றுவிடும் என்று கடிதம் கொடுத்தார்கள். கையில் இருந்தது ஒன்றரைப் புட்டி.

மூன்று நாள் கழித்து வாரியம், அந்தக் கோப்பை மூட இலைப் பதிவும் வேண்டும் என்று எழுதியது. காலை பதினொரு மணிக்கு, டீ குடித்துக்கொண்டே, கிழக்கு வரிசையில் ஓர் இலையைக் கிள்ளிக் கருவிக்குள் செருகினேன்.

தழைச்சத்து அளவோடு இருந்தது. நான் எழுதிக்கொடுத்த அட்டவணையை அப்படியே பார்த்து எழுதியது போல இருந்தது. அதற்குக் கீழே வெளிச்சத்தின் வரி. ஆவணி ஒன்று, இரவு ஒன்பது நாற்பது, நாற்பத்தொரு விநாடி. ஆவணி இரண்டு, ஒன்பது நாற்பத்திரண்டு, முப்பத்தெட்டு விநாடி. இருபத்தாறு இரவுகளில் இருபத்திரண்டு இரவுகள் இப்படி இருந்தன. வெளிச்சம் படாத நான்கில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். நான்காவது ஒரு புதன்கிழமை. அந்தப் புதன்கிழமை நான் லீவு போட்டுவிட்டு மாமனார் வீட்டில் வாழை இலை கழுவிக்கொண்டிருந்தேன். முகிலனுக்கு அன்று திதி.

கால்வாயில் ஒரு குறுகலான பாலம் இருக்கிறது. ஒருபக்கக் கைப்பிடிச் சுவர் இடிந்து கிடக்கும். அதுவரை விளக்கில்லாமல் ஊர்ந்து வருகிற நான், அங்கே மட்டும் தண்ணீருக்குள் போய்விடுவேனோ என்று பயந்து முகப்பு விளக்கைப் போடுவேன். பாலத்தில் ஏறும்போது கார் தோட்டத்தைப் பார்த்துத் திரும்பும். எவ்வளவு நேரம், ஒரு நிமிஷம்கூட இல்லையே, நடுவில் வேலி இருக்கிறதே என்று தினமும் எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்வேன். விதி எழுதியவனுக்கு விதிவிலக்கு.

அட்டையை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினேன். டீ ஆறிப்போயிருந்தது. அன்று இரவு பாலத்தில் விளக்கைப் போடாமல், காரை விட்டு இறங்கி ஓரத்தைக் காலால் தடவிப் பார்த்து, பிறகு ஏறி ஓட்டினேன். அடுத்த நாளும் அப்படியே. ஆனால் வாயைத் திறக்கவில்லை. வாரியம் ஒரு மாதம் தவணை கொடுத்திருக்கிறது, வழி ஒன்று தோன்றாமலா போகும் என்று நினைத்தேன். என்ன வழி தோன்றும் என்று எதிர்பார்த்தேன், எனக்கே தெரியவில்லை.

புரட்டாசி எட்டாம் தேதி கிழக்கு வரிசையில் வெள்ளை முடி எட்டிப் பார்த்தது.

தோட்டமே கூடிவிட்டது. பாண்டிமீனாவுக்குப் பதிலாகக் கலவைக்கு வந்திருந்த ரோஸ்லின் கை தட்டினாள். ஜெபமணி என் தோளைப் பிடித்துக்கொண்டார். "நீங்க சொன்னபடி உரத்தைக் குறைச்சோம், பாருங்க சார், பூத்துருச்சு. அந்தப் பொம்பளை நம்மளக் கவுத்துருக்கும்."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இன்றைக்கும் தூக்கத்தில் விழித்துக்கொள்கிறேன். அந்தச் செடிகள் என் குற்றத்தை இரண்டாவது தடவையாகச் சொல்லிக்கொண்டு நின்றன. சுற்றி நின்றவர்களோ அதையே என் திறமைக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு நாள் கழித்து ரோஸ்லின் ஆய்வறை வாசலில் வந்து நின்றாள். கையில் இருந்த துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"சார், பாண்டிமீனாக்கா மகளுக்கு நேத்து ஸ்கூல்ல ஃபிட்ஸ் வந்து, குழாயடியில விழுந்துருச்சு. முன்பல்லு ரெண்டு போச்சு. தாடையில ஏழு தையல்."

"மருந்து இருந்திருக்குமே. ஒன்றரைப் புட்டி இருந்ததே?"

"இருந்துச்சு சார். அது குடிக்கல. பதினஞ்சு நாளா அம்மா ஊத்திக் குடுக்கக் குடுக்க வாயில வச்சுக்கிட்டு, பின்னாடி போய்ச் சாக்கடையில துப்பியிருக்கு. ஆஸ்பத்திரியில டாக்டர் கேக்கவும் சொல்லிருச்சு, 'அது எங்கம்மா திருடுன மருந்து, எனக்கு வேண்டாம்'னு."

"திருடினாங்கன்னு யார் சொன்னது? நான் உரம்னுதான எழுதினேன்?"

ரோஸ்லின் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "கஞ்சாத் தோட்டத்துல ஒருத்திய வெளிய அனுப்புனா, உரம் கூடிப்போச்சுன்னா சார் ஊருல பேசுவாக?"

அவள் போனபிறகு இழுப்பறையைத் திறந்தேன். அட்டையை எடுத்துக்கொண்டு ஜெபமணியிடம் போனேன். வரிசையாக எல்லாவற்றையும் சொன்னேன். மாமனார், கால்வாய், பாலம், இருபத்திரண்டு இரவுகள், இழுப்பறை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அந்தம்மாவைத் திரும்ப எடுத்துடலாம்" என்றார். "ஆனா ஒண்ணு சார். வெளிச்சம் வண்டியிலேர்ந்து வந்ததுன்னு எழுதினாலே போதும். யாரோட வண்டின்னு எழுதணும்னு கட்டாயம் இல்ல. கால்வாய்க் கரையில திராட்சை லாரி எத்தனையோ போகுது."

கேட்க எவ்வளவு இதமாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பேனாவை எடுத்து 'அடையாளம் தெரியாத' என்பதுவரை எழுதியும்விட்டேன். அப்போது எங்கிருந்தோ அந்த ஏழு தையல் கண் முன் வந்தது. இன்னொரு லாரிக்காரன் வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கும். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, வேறு தாளில் என் பெயரையும் என் காரின் எண்ணையும் எழுதினேன். வேலையை விட்டு விலகுகிறேன் என்று இன்னொரு தாளும் கொடுத்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக முன்வாசல் வழியாக வெளியே வந்தேன். டீக்கடையில் இருந்தவர்கள் பார்த்தார்கள், ஒருவர் கையைக்கூட அசைத்தார்.

வீட்டுக்குப் போய் மாமனார் எதிரில் உட்கார்ந்தேன். மஞ்சரி கதவோரம் நின்றாள். எந்தச் சொல்லை ஏழு மாதமாக ஒளித்தேனோ அந்தச் சொல்லிலேயே ஆரம்பித்தேன். அவர் தலைமையாசிரியராக இருந்தவர். குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டார். நடுவில் ஒரு தடவை மட்டும் முகிலனின் படம் மாட்டியிருந்த சுவரைப் பார்த்தார். என்னைத் திட்டுவார், வெளியே போகச் சொல்வார் என்று காத்திருந்தேன். அதற்கு நான் தயாராக இருந்தேன், சொல்லப்போனால் எதிர்பார்த்தேன்.

"அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போனீங்களா மாப்பிள்ளை?" என்றார்.

"இன்னும் இல்லை மாமா."

"அப்ப இங்க உக்காந்து என்ன பண்றீங்க?"

மஞ்சரி கார்ச் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

பாண்டிமீனாவின் வீடு காலனியில் கடைசி வீடு. இரவு ஏழு மணி இருக்கும். கதவைத் திறந்தவர், என்னைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு வழிவிட்டார். மேலாளர் தொலைபேசியில் பேசிவிட்டார் என்று வழிவிட்ட விதத்திலேயே தெரிந்தது. அவர் முகத்தில் கோபம் இருந்ததா, வெறுப்பு இருந்ததா என்று நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"தப்பு நடந்துபோச்சும்மா. அறிக்கையில எல்லாத்தையும் திருத்தி எழுதிட்டேன். உங்க மேல ஒரு குறையும் இல்லைன்னு எழுதியிருக்கேன். நாளையிலேர்ந்து நீங்க வேலைக்கு..."

"அதெல்லாம் மேனேஜர் சொல்லிட்டாரு சார்" என்றார். குரல் உயரவில்லை. "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? உள்ள கெடக்குறா பாருங்க, அவகிட்டச் சொல்லுங்க. நான் எங்காத்தா மேல சத்தியம் பண்ணிட்டேன், நம்ப மாட்டேங்குறா. படிச்சவுக சொன்னா நம்புவா."

யோகஸ்ரீ கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தாடையில் பெரிய பிளாஸ்திரி. மேலுதடு வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் பல் தெரியாதபடி கையால் வாயை மூடிக்கொண்டாள். நான் கட்டிலுக்கு எதிரில் கிடந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். பாண்டிமீனா மருந்துப் புட்டியை எடுத்துக்கொண்டு அடுக்களைத் தடுப்புக்குப் பின்னால் போய்விட்டார்.

சொன்னேன். செடி இருட்டை எண்ணுவதைச் சொன்னேன். வெளிச்சம் பட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ணும் என்பதைச் சொன்னேன். இலையில் எல்லாம் பதிந்திருக்கும் என்பதையும், அதில் அவள் அம்மா ஊற்றிய உரம் கொஞ்சம்கூடப் பிசகாமல் இருந்ததையும் சொன்னேன். காரில் வந்தது நான்தான், விளக்கைப் போட்டதும் நான்தான், தெரிந்தபிறகு இரண்டு வாரம் மறைத்ததும் நான்தான் என்றேன். "எங்க வீட்டுல வெக்கம்னு நினைச்சு ஒளிஞ்சு போனேன். அதனால வந்தது எல்லாம்" என்றேன். பதினைந்து வயதுப் பெண் முன்னால் மாணவன் போல ஒப்பித்தேன்.

அவள் கையை எடுக்காமலே கேட்டாள். "அப்ப அம்மா எதுவும் எடுக்கல?"

"ஒரு இலைகூட எடுக்கலம்மா."

"அந்த மருந்து?"

"உனக்குன்னு முறையா குடுத்தது. பதிவேட்டுல உன் பேர் இருக்கு."

அவள் கண் நிறைந்தது. தடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உள்ளே பாண்டிமீனா சொட்டுகளை எண்ணும் சத்தம் கேட்டது. ஒன்னு, ரெண்டு. யோகஸ்ரீ என் பக்கம் குனிந்து, உள்ளே கேட்காதபடி மெதுவாகப் பேசினாள். பல் இல்லாததால் சொற்கள் காற்றாக வந்தன.

"சார், நீங்க எப்படி அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டீங்க?"

"என்னம்மா கேக்குற?" என்றேன்.

"இல்ல, என்ன சொல்லிக் கேட்டீங்கன்னு சொல்லுங்க. நானும் கேக்கணும். அவங்களத் திருடின்னு நெனச்சுட்டேன். ஒருநா மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டேன். இப்பக் கேக்கணும்னா எப்படி ஆரம்பிக்குறதுன்னு தெரியல. வாயே வர மாட்டேங்குது."

நான் அன்று காலையிலிருந்து பேசியது அத்தனையையும் மனதுக்குள் திருப்பிப் பார்த்தேன். அறிக்கையில் 'வருந்தத்தக்க கவனக்குறைவு' என்று எழுதியிருந்தேன். ஜெபமணியிடம் பாலத்தைப் பற்றிச் சொன்னேன். மாமனாரிடம் வேலையைப் பற்றிச் சொன்னேன். இந்த வீட்டு வாசலில் 'தப்பு நடந்துபோச்சு' என்றேன், ஏதோ அது தானாக நடந்து வந்தது போல. வேலையை விட்டுவிட்டேன், பெயரைக் கொடுத்துவிட்டேன், எல்லாவற்றையும் முடித்துவிட்ட நிம்மதியில்தான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒன்றைத் தவிர.

"நான் இன்னும் கேக்கலம்மா" என்றேன்.

அவள் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அதில் ஏளனம் எதுவும் இல்லை. தனக்குத் துணைக்கு ஓர் ஆள் இருக்கிறதே என்பது போலத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உள்ளே எண்ணிக்கை ஆறில் நின்றது. பாண்டிமீனா டம்ளருடன் வெளியே வந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம்.